பெரிய மேசையில் ஒரு நாற்காலி

இன்னும் அரை மணி நேரத்தில் ஒரு நாற்காலி காலியாகும் மேடம் என்று கிளப் ஆள் ரேவண்ணா சொல்லிவிட்டுப் போனான். அரை மணி நேரம் ஒன்றுமில்லை, மூன்று வருஷம் காத்திருந்தவள், இந்த ரெக்சின் சோபாவில் முதுகு ஒட்டிக்கொண்டு இன்னும் முப்பது நிமிஷம் உட்கார எனக்குத் தெரியும், ஆனால் அந்த மகுடபதி ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்? நான் கேட்டேனா? காபி மெஷின் பக்கத்தில் நின்று பேப்பர் கப்பை ஊதிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான், அவனாக வந்தான், 'பெரிய மேசைக்குப் பேர் குடுத்திருக்கறீங்களாமா? எதுக்குங்க அம்மணி உங்களுக்கு அதெல்லாம்? இங்கயே நல்லாத்தானே போய்ட்டிருக்குது. பாத்து, சூதானமா இருந்துக்குங்க' என்றான், சொல்லிவிட்டு என் தோளைத் தட்டப் போகிறவன் போலக் கையை உயர்த்தி, பிறகு நினைத்துக்கொண்டு அந்தக் கையாலேயே தன் வழுக்கையைத் தடவியபடி போனான். மகுடபதி. ஈரோட்டு நூல் வியாபாரி. மாதத்தில் பத்து நாள் பெங்களூரில் வேலை, அதில் எட்டு நாள் மத்தியானம் இந்த மெத்தைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடிச் சீட்டாட்டக் கிளப்பில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஐம்பதாயிரம் ரூபாய் வைத்து உட்காரும் மேசையில். நான் இந்தப் பக்கம், இருபதாயிரம் வைத்து உட்காரும் மேசையில். கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, இதுதான் போக்கர், இரண்டு பக்கமும் ஒரே ஐம்பத்திரண்டு சீட்டுதான், ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனால் நான் சூதானமாக இருக்க வேண்டுமாம். அவன் தோற்றதை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன், மூன்று வருஷமாக, ஒரு மாருதி கார் வாங்கும் அளவுக்குத் தோற்றிருக்கிறான், எழுந்து சட்டையை உதறிக்கொண்டு 'டைம்பாஸ் ஆச்சு' என்று போய்விடுவான், அவனிடம் யாராவது பாத்து என்று சொன்னார்களா? சொல்ல மாட்டார்கள். அவன் தோற்றால் டைம்பாஸ். நான் ஜெயித்தால் அதிர்ஷ்டம். நான் தோற்றால் அப்போதே சொன்னேனே. எரிச்சலில் காபியை மளமளவென்று குடித்து நாக்கின் நுனி வெந்துபோயிற்று, பல்லில் தேய்த்துப் பார்க்கிறேன், சொரசொரவென்று இருக்கிறது, அதற்கும் அவன்தான் காரணம்.

விடு. கணக்குக்கு வா. கணக்கு தெளிவாக இருக்கிறது. எந்த மேசையில் உட்காருகிறாயோ அந்தத் தொகைக்கு முப்பது மடங்கு கையில் இருக்க வேண்டும், அது இல்லாமல் அந்த நாற்காலியைத் தொடாதே, இது நான் எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம், சரியாக ஆடினாலும் பத்துத் தடவை தொடர்ந்து தோற்க முடியும் என்பதால் போட்ட சட்டம். பத்தொன்பது வருஷம் புள்ளியியல் நடத்தியவள் நான், பத்துத் தடவை தொடர்ந்து என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், கரும்பலகையில் அல்ல, வயிற்றில் தெரியும், போன ஆவணியில் ஏழு தடவை தொடர்ந்து தோற்றேன், ஏழாவது நாள் வீட்டுக்குப் போய் ரசம் வைக்கப் புளியைக் கரைத்துவிட்டு எதற்குக் கரைத்தேன் என்று தெரியாமல் நின்றேன். முப்பது மடங்கு என்றால் பதினைந்து லட்சம். சேர்ந்துவிட்டது. காலையில் ஆன்லைனில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பணம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும், இதைத் தொடாது, அதை இது தொடாது. மேலே போனால் என்ன கிடைக்கும்? இரண்டு மடங்கு கிடைக்கலாம், ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். இங்கே எட்டுப் பேரில் ஐந்து பேர் பொழுதுபோகாமல் வந்தவர்கள், அங்கே எட்டில் நாலு பேர் என்னைப் போலவே மனசுக்குள் வகுத்துக்கொண்டிருப்பவர்கள். ஐந்து தடவை தோற்றால் வாயை மூடிக்கொண்டு கீழே வந்துவிட வேண்டும், அதுவும் சட்டம், ஏறுவதற்கு ஒரு சட்டம் வைத்தவள் இறங்குவதற்கும் வைத்திருக்கிறேன், எனக்குத் தெரிந்து எங்கள் குடும்பத்தில் இறங்குவதற்குச் சட்டம் வைத்திருக்கும் ஒரே ஆள் நான்தான். அங்கேதான் போய் நிற்கிறது பார். எதைத் தொட்டாலும் கடைசியில் அண்ணனிடம் போய் நிற்கிறது.

போன் மறுபடி அதிர்கிறது. அம்மா. இன்றைக்கு மூன்றாவது தடவை. எடுக்க மாட்டேன். எடுத்தால் என்ன சொல்வாள் என்று தெரியும், காலையில் எடுத்தபோது கேட்டாளே, 'ஏட்டி உலகு, அண்ணன் பேசினானா? என்ன சொன்ன? சரி, யோசிச்சுச் சொல்லு' என்று, அந்த யோசிச்சு என்ற வார்த்தையை அவள் இழுத்த இழுப்பு, யோசித்து முடித்துச் சரி என்று சொல் என்று அதற்கு அர்த்தம், நாற்பத்தைந்து வருஷமாகக் கேட்கிறேன் அந்த இழுப்பை. அண்ணன் நேற்றே பேசிவிட்டான். சங்கரநயினார் எதையும் நேரடியாகக் கேட்க மாட்டான், முதலில் பெங்களூரில் மழையா என்பான். 'ஒண்ணுமில்லட்டி, வியாழக்கெழம ரிஜிஸ்டர் ஆபீசுக்கு ஒரு நட வந்துட்டுப் போ. விடுதலப் பத்திரம். அப்பா பேர்லயே கெடக்கு வீடு, எம் பேருக்கு மாத்தினாத்தான் பேங்குல லோன் தருவானாம். கையெழுத்துதான, உன் சொத்தையா கேட்டேன்?' என் சொத்தைத்தானே கேட்டாய் அண்ணா. ஊரில் பெருமாள்புரத்து வீடு மூன்று பங்கு, அம்மாவுக்கு ஒன்று, உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று, என்னுடைய ஒன்றைத்தானே கேட்டாய். 'அம்மா போட்டுருவா, நீ போட்டாப் போதும்' என்றான். எதற்கு என்றால் பேட்டரி ஸ்கூட்டர் ஷோரூம். அதற்கு முன்னால் தண்ணீர் கேன். அதற்கு முன்னால் சோலார். தண்ணீர் கேனுக்கு அம்மாவின் மனை போயிற்று, சோலாருக்கு அம்மாவின் நகை போயிற்று, இரண்டு தடவையும் கையில் இருந்த அத்தனையையும் ஒரே மேசையில் நகர்த்திவிட்டு உட்கார்ந்தான், முப்பதில் ஒன்று அல்ல, பத்தில் ஒன்று அல்ல, அத்தனையும், அதுவும் அவனுடையது அல்ல. அதற்குப் பெயர் என்ன தெரியுமா? துணிச்சல். 'ஆம்பளப் பிள்ள, துணிஞ்சு எறங்குதான்' என்று பெரியப்பா கல்யாண வீட்டில் சொன்னார், எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் பாயசத்தைக் குடித்துக்கொண்டு அங்கேதான் இருந்தேன். நான் செய்வதற்குப் பெயர் சூது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒளிக்காமல் சொன்னேன், அண்ணா இப்படி, சீட்டு ஆடுகிறேன், படித்ததை வைத்துத்தான் ஆடுகிறேன் என்று, அவன் அம்மாவைப் பார்த்து, 'கேட்டியாம்மா, ஒம்மவ சூதாடியாயிட்டா' என்றான், அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவன் மகள் சடங்கு வீட்டில் அவன் மச்சினிச்சி என்னிடம், 'நீங்க என்ன செய்யுதீங்க மைனி?' என்று கேட்க, நான் வாயைத் திறப்பதற்குள், 'அவ கம்ப்யூட்டர்ல என்னமோ செய்யுதா' என்று முந்திக்கொண்டு சொன்னான். என்னமோ. சூதாடியின் கையெழுத்து மட்டும் சுத்தமாக இருக்கிறதாக்கும்.

ஸ்கூட்டர் ஓடலாம். ஓடாது என்று நான் சொல்லவில்லை. எத்தனை விற்றால் வட்டி கட்டலாம், ஆறு மாதம் விற்காவிட்டால் என்ன செய்வாய், அந்தத் தெருவில் இன்னும் எத்தனை ஷோரூம் இருக்கிறது, மூன்றே மூன்று கேள்விதான் கேட்டேன், 'அபசகுனமாப் பேசாதட்டி' என்றான். கேள்வி கேட்டால் அபசகுனம். கல்லூரித் தாளாளரும் அப்படித்தான், துறையை மூடப் போகிறோம் என்று ஒரு எஸ்எம்எஸ், பத்தொன்பது வருஷத்துக்கு ஒரு எஸ்எம்எஸ், போய்க் கேட்டதற்கு, 'அட்மிஷன் இல்லாம நாங்க ரிஸ்க் எடுக்க முடியாது மேடம்' என்றார், சொல்லும்போதே ஜன்னல் வழியாக அவருடைய நாலாவது கட்டிடத்துக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஆடுகிறார்கள். எல்லோரும். வேறு ஒருவருடைய பணத்தை வைத்து ஆடுகிறார்கள், அதனால்தான் அது சூதாகத் தெரிவதில்லை. நான் என்னுடையதை வைத்து ஆடுகிறேன், வகுத்து, அளந்து, பயந்து, அதனால் கண்ணுக்குத் தெரிகிறது.

காது சுடுகிறது. இதோ இதுதான் ஆபத்து. கோபத்தோடு மேசையில் உட்காராதே, இதுவும் என் சட்டம்தான், முப்பதைவிடப் பெரிய சட்டம், கோபக்காரன் எதிரில் உட்கார்ந்தால் அவனிடமிருந்து எப்படி வாங்குவது என்று எனக்குத் தெரியும், அவன் ஓரக் கண்ணால்கூடக் கணக்குப் பார்க்க மாட்டான், ஜெயிக்க அல்ல, யாருக்கோ காட்டத்தான் ஆடுவான். நான் இன்றைக்கு யாருக்குக் காட்டப் போகிறேன்? பதினைந்து லட்சம் சேர்ந்தது போன செவ்வாய்க்கிழமை. செவ்வாய் ஏன் பேர் கொடுக்கவில்லை? புதன்? பயம். பயத்துக்கு முப்பது என்று பெயர் வைத்திருந்தேனோ, முப்பது வந்ததும் முப்பத்தைந்து என்று பேசிப் பார்த்தது மனசு. நேற்று அண்ணன் பேசினான், இன்றைக்குப் பேர் கொடுத்துவிட்டேன். அப்படியானால் இது கணக்கு இல்லை, கோபம். எழுந்து போய்விடு. ரேவண்ணாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடி. ஆனால் போனால் மகுடபதி சொன்னதைக் கேட்டுப் போனதாக ஆகும், அம்மணி பயந்துட்டாங்க என்று அந்தத் தலையைத் தடவிக்கொள்வான், ச்சே, போவதும் அவனுக்காக, இருப்பதும் அவனுக்காக என்றால் நான் எனக்காக எப்போது ஒரு நாற்காலியில் உட்காருவது? கோபம் தீர்ந்த பிறகு என்றால் அது எந்த வருஷம்? என் கோபம் தீர வேண்டுமானால் முதலில் அவர்கள் எல்லோரும் திருந்த வேண்டும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. கோபம் இருக்கட்டும், இந்த சோபாவில் இருக்கட்டும், நான் மட்டும் எழுந்து போகிறேன், முடியுமா என்று தெரியவில்லை, ரேவண்ணா கண்ணாடிக் கதவைத் திறந்து, 'மேடம், சீட் ஆகிடுச்சு, வாங்க' என்கிறான், கால் எனக்கு முன்னால் எழுந்துவிட்டது.

நாற்காலி இன்னும் சூடாக இருக்கிறது, எழுந்து போனவனின் சூடு. ஐம்பதாயிரத்துக்குச் சிப்ஸ் வில்லைகளை அடுக்குகிறேன், விரல் ஈரம், சுடிதாரில் துடைக்கிறேன். எதிரில் மகுடபதி, 'வாங்க வாங்க அம்மணி' என்று கல்யாண வீட்டு வாசலில் நிற்பவன் போலச் சிரிக்கிறான். முதல் ஆறு ஆட்டம் சீட்டைப் பார்த்துப் பார்த்துத் தள்ளிவிட்டேன், ஒன்றுக்கும் ஆகாத சீட்டு, நல்லது, நெஞ்சு தன் இடத்துக்கு வர நேரம் கிடைத்தது. ஏழாவதில் இரண்டு ராஜா. ஸ்பேட் ராஜா, டைமன் ராஜா. மூவாயிரம் வைத்தேன், எல்லோரும் ஒதுங்க மகுடபதி மட்டும் கூட வந்தான். நடுவில் ஒன்பது, ஆறு, மூன்று. ஐயாயிரம் வைத்தேன், வந்தான். நாலாவதாக ஒரு ஏஸ் விழுந்தது. ராஜாவுக்கு மேலே இருப்பது அது ஒன்றுதான், அவன் கையில் இன்னொரு ஏஸ் இருந்தால் முடிந்தது. இந்தத் தடவை அவன் முந்திக்கொண்டு பத்தாயிரம் வைத்தான், நான் போட்டேன். கடைசிச் சீட்டு ஒன்றுமில்லாத ஒரு இரண்டு. மகுடபதி நாற்காலியில் சாய்ந்து, மூக்கைச் சொறிந்து, என் முன்னால் மிச்சமிருக்கும் முப்பத்திரண்டாயிரத்தையும் இழுக்கிற மாதிரித் தன் சிப்ஸ் அத்தனையையும் தள்ளினான். 'ஆல் இன்னுங்க.'

அப்போதுதான் கோபம் சோபாவை விட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றது. போடு என்றது. பொய், அவன் கையில் ஒன்றும் இல்லை, உன்னை மிரட்டுகிறான், பாத்து என்று சொன்ன அதே வாய், போடு, போட்டு அந்த வாயை மூடு என்றது. பேசாமல் இரு. நடுவில் அறுபத்தெட்டாயிரம் கிடக்கிறது, நான் முப்பத்திரண்டு போட வேண்டும், நூறு தடவை இப்படி நடந்தால் முப்பத்திரண்டு தடவையாவது அவன் பொய் சொல்ல வேண்டும், அப்போதுதான் போடுவது நியாயம். மூன்று வருஷமாகக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன், இப்படி அத்தனையும் தள்ளும்போது மகுடபதி பொய் சொல்வது அபூர்வம், ஐந்தில் ஒன்று, அதற்கு மேல் இல்லை. அது மற்றவர்களிடம். அம்மணியிடம் எத்தனை? தெரியாது. எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்தது மாதிரி போடச் சொல்கிறது கோபம். அண்ணன் இந்த இடத்தில்தான் போடுவான், இந்த இடத்தில் போட்டுப் போட்டுத்தான் மனை போயிற்று. ஆட்டத்தை விட்டுக்கொடுத்து, இரண்டு ராஜாவையும் கவிழ்த்துச் சீட்டு போடுகிற டீலர் பக்கம் தள்ளினேன். பதினெட்டாயிரம் போயிற்று.

மகுடபதி தன் இரண்டு சீட்டையும் நிமிர்த்திப் போட்டான். எட்டு, ஏழு. ஒன்றுமே இல்லை. வரிசை சேரும் என்று வந்து சேராமல் போன குப்பை. மேசையே சிரித்தது. 'நான்தான் சொன்னேனுங்களே அம்மணி' என்றான், சிப்ஸை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு. ரத்தம் கண்ணுக்குப் பின்னால் வந்து இடித்தது, அவன் ஏஸை வைத்துக்கொண்டு ஜெயித்திருந்தால்கூடத் தேவலை, ஆனாலும் சரிதான், நூறு தடவையில் சரிதான், இந்த ஒரு தடவை தப்பு, இந்த ஒரு தடவைக்காக நூறையும் மாற்றக் கூடாது, சரிதான், சரிதான் என்று பல்லுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன், மடியில் போன் மறுபடியும் அதிர்ந்தது. நாலாவது தடவை. எடுத்து முடித்துவிட வேண்டியதுதான், இதையும் இன்றைக்கே. எழுந்தேன். ரேவண்ணா, 'ஒரு ரவுண்டு வரைக்கும் சீட் இருக்கும் மேடம்' என்றான். 'பாத்துப் போங்க' என்று பின்னால் மகுடபதியின் குரல்.

லிஃப்ட் பக்கத்தில் ஏசி தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா பேசுவதற்கு முன்னால் நானே ஆரம்பித்தேன். 'எம்மா, நான் கையெழுத்துப் போட மாட்டேன். வியாழக்கெழம வர மாட்டேன். நீ எத்தன தடவ கூப்பிட்டாலும் இதுதான். அவன் என்னைய சூதாடிங்கான், அவன் செய்யுததுக்கு என்ன பேரு? மூணாவது தடவ இது. இந்தத் தடவ வீடு. போயிட்டா நீ எங்க இருப்ப? அத யாராவது யோசிச்சீங்களா?' குரல் படிக்கட்டில் இறங்கிப் போய்த் திரும்பி வந்தது.  அழப் போகிறாள் என்று நினைத்தேன், அழட்டும் என்றும் நினைத்தேன்.

'முடிச்சிட்டியா?' என்றாள் அம்மா.

'ம்.'

'காலைல இருந்து இதுக்குத்தாண்டி கூப்பிடுதேன். நீ போட மாட்டேன்னு சொல்லுவியா மாட்டியான்னு தெரியாம கஞ்சி எறங்கல எனக்கு.'

எனக்குப் புரியவில்லை. 'அண்ணன் நீ போட்டுருவேன்னு சொன்னானே?'

'அவன் சொன்னான். நான் சொன்னேனா? எங்கிட்ட எவனாவது கேட்டானா? அவன் வந்து அம்மா போட்டுருவான்னு ஊரெல்லாம் சொல்லுதான். நீ இப்ப வந்து நீ எங்க இருப்பன்னு சத்தம் போடுத. நேத்து ராத்திரி அவன் பேசினானே, உடனே எங்கிட்ட ஒரு வார்த்த, எம்மா ஒனக்கு சம்மதமான்னு கேட்டியா? காலைல பேசினியே, அப்பக் கேட்டியா? ஊம்முன்னு வச்சிட்ட. எனக்கும் ஒரு பங்கு இருக்குல்லா அதுல? நானும் ஆளுதான?'

மனுஷர்களின் மூக்கையும் விரலையும் பார்த்துக் கையில் என்ன சீட்டு என்று சொல்வதுதான் என் பிழைப்பு. யோசிச்சுச் சொல்லு. அந்த இழுப்பை நாற்பத்தைந்து வருஷமாகத் தப்பாகவே கேட்டிருக்கிறேன். 

'கேக்கலம்மா' என்றேன். 'தப்புதான்.'

'தப்புதான்னு சொல்லிட்டா ஆச்சு' என்றாள், கோபம் இன்னும் அடங்காமல். 'நான் ஒத்தைக்கு மாட்டேன்னு சொன்னா பிள்ளைய நம்பாத தாயின்னு பேரு வரும். நீயும் சொன்னா ரெண்டு பேரு. அதுக்காகத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். இனி நான் பேசிக்கிடுதேன் அவன்கிட்ட. நீ இடையில பேசாத, நீ பேசினா சண்டையாக்கும்.' மூச்சு வாங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, 'இப்ப எங்கட்டி இருக்க? வெளையாடுத எடத்துலயா?'

மூன்று வருஷத்தில் அவள் அந்த வார்த்தையை வாயில் எடுத்ததே இல்லை. 'ஆமா.'

'செயிக்கியா?'

'இப்பத்தான் தோத்தேன். பெரிய மேசைக்கு இன்னைக்குத்தான் போனேன்.'

'ரொம்பவா?'

'இல்லம்மா. தாங்குத அளவுதான். கைல இருக்கதுல முப்பதுல ஒரு பங்குகூட இல்ல.'

 கண்ணாடிக் கதவு திறந்து ரேவண்ணா தலையை நீட்டினான், 'மேடம், ரவுண்டு முடியுது, சீட் விடலாமா?' என்றான். நான் விரலைக் காட்டி நிறுத்தினேன்.

'முப்பதுல ஒண்ணுகூட இல்லங்குத' என்றாள் அம்மா, 'அப்ப எதுக்குட்டி கொரல் அப்பிடிக் கெடந்து நடுங்குது? யாரோ கூப்பிடுதான் பாரு. போ. போயி மொகத்தக் கழுவிக்கிட்டு உக்காரு.'